வெளிநாட்டு லீக்கில் கோல் காப்பாளராக நிலைப்பது எப்படி: அமெரிக்கர்கள் போன வழியும் வன்னிப் பிள்ளைகளின் வழியும்

மாலைப் பயிற்சிக்கு வரும் சிறுவர்களை வரிசையில் நிறுத்தி, யார் எந்த இடத்தில் ஆட விரும்புகிறீர்கள் என்று கேட்டால், பத்துக் கைகள் முன்வரிசைக்கு உயரும். கோலுக்குள் நிற்பதற்கு ஒரு கையும் உயராது. பிந்தி வந்தவனோ சப்பாத்து இல்லாதவனோ கடைசியில் அந்தக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பப்படுவான். கிளிநொச்சிப் பக்கத்து மைதானங்களில் நான் நெடுங்காலமாகக் கண்டுவரும் வழக்கம் இது. ஆனால் உதைபந்தாட்டத்தில் பெயரில்லாத ஒரு நாட்டிலிருந்து வெளிநாட்டு லீக் ஒன்றுக்குள் நுழைய விரும்புபவருக்கு, எல்லோரும் ஒதுக்கிய அந்த இடமே அகலமான வாசலாக இருந்திருக்கிறது. அமெரிக்கக் கோல் காப்பாளர்களின் கதை அதற்குச் சாட்சி.

1990களில் அமெரிக்க முன்கள வீரர் ஒருவரை நம்பிப் பணம் கொடுக்க ஐரோப்பியக் கழகங்கள் மிகவும் தயங்கின. அதே காலத்தில் அமெரிக்கக் கோல் காப்பாளர் கேசி கெல்லர் 1992இல் இலண்டனின் மில்வோல் கழகத்துக்குப் போனார். பின்னர் லெஸ்டர் சிட்டியுடன் 1997இல் லீக் கிண்ணத்தை வென்றார். ஸ்பெயினில் ராயோ வயெகானோவுக்கும், மறுபடி இங்கிலாந்தில் டொட்டன்ஹாமுக்கும், ஜெர்மனியில் பொருசியா மொன்சென்கிளாட்பாக்குக்கும் கோல் காத்தார். பிராட் ஃப்ரீடெல், டிம் ஹோவர்ட் ஆகியோர் அதே தடத்தில் வந்தார்கள். இவர்கள் எல்லோரும் பந்தைத் தடுக்கும் திறமை உள்ளவர்கள்தான். ஆனால் அந்தத் திறமை உள்ள அமெரிக்கர்கள் அக்காலத்தில் இன்னும் பலர் இருந்தார்கள். நிலைத்தவர்களைப் பிரித்துக் காட்டியவை, ஆவணங்களில் அவர்கள் பட்ட பாடும் மாற்று வீரர்களுக்கான வாங்கில் இருந்து பொறுத்த பொறுமையும் என்பதே என் கணிப்பு. ஆகவே இந்த வழிகாட்டியில் பாய்ந்து பிடிப்பதைப் பற்றிக் குறைவாகவும், மற்ற இரண்டைப் பற்றிக் கூடுதலாகவும் எழுதுகிறேன்.

கையும் காலும்

அமெரிக்கர்களின் கை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்கவேண்டும். ஹோவர்டும் ஃப்ரீடெலும் பாடசாலை நாட்களில் கூடைப்பந்தும் ஆடியவர்கள். 2022 உலகக் கிண்ணத்தில் அமெரிக்காவுக்குக் கோல் காத்த மட் டேர்னர், பதின்ம வயதின் நடுப்பகுதியில்தான் உதைபந்தாட்டத்தைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார். அதற்கு முன் பேஸ்போலும் கூடைப்பந்தும் ஆடினார். மேலே வரும் பந்தின் உயரத்தைக் கணித்து, சரியான கணத்தில் எழும்பி, ஆட்களுக்கு நடுவில் அதைக் கைப்பற்றும் பழக்கம் அவர்களுக்கு வேறு விளையாட்டுகளிலிருந்து கிடைத்தது. நம்மிடம் அதற்கு ஈடாகக் கரப்பந்தாட்டம் இருக்கிறது. வன்னியில் வலை கட்டாத கிராமமே இல்லை என்று சொல்லலாம். மாலையில் கரப்பந்தாட்டத்தில் தடுப்பதற்கு எழும்பும் பிள்ளையை, உயரமாக வரும் கோணர் உதைகளுக்கு எழும்பப் பழக்குவது கடினமன்று. ஆகவே கோல் காப்பாளராக விரும்பும் பிள்ளையைக் கரப்பந்தாட்டத்திலிருந்து மறிக்காதீர்கள்.

பந்தைப் பிடிக்கும் முறையில் ஒரு நுணுக்கத்தை மட்டும் சொல்கிறேன். நெஞ்சுக்கு மேலே வரும் பந்துக்கு இரண்டு பெருவிரல்களும் ஏறத்தாழத் தொட்டுக்கொண்டிருக்க, சுட்டுவிரல்கள் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும். அந்த நான்கு விரல்களுக்கு நடுவே ஒரு சிறிய யன்னல் தெரியும். பந்து கைக்கு வரும்வரை அந்த யன்னலூடாகவே அதைப் பார்க்கவேண்டும். பெருவிரல்கள் விலகினால் பந்து நடுவால் நழுவி முகத்தில் அடிக்கும். நெருங்கிப் பிணைந்தால் விரல் மடங்கும். ஒரு நாளைக்கு நூறு பந்துகளை, பாயாமல், நின்ற நிலையிலேயே இப்படிப் பிடித்துப் பழகுவது, ஐம்பது தடவை பாய்ந்து விழுவதைவிடப் பயன் தரும்.

விழுவதற்கு நம் நிலம் இடந்தராது. கோடையில் கிரவல் கலந்த மைதானத்தில் பாயும் பிள்ளையின் இடுப்பும் முழங்கையும் ஒரு வாரத்தில் புண்ணாகிவிடும். பிறகு அவன் பாயவே பயப்படுவான், அந்தப் பயம் புண் ஆறிய பின்பும் போகாது. கரையோரத்தில் இருப்பவர்களுக்குக் கடற்கரை மணல் இருக்கிறது. உட்பகுதியில் இருப்பவர்கள் உரப்பைகளில் வைக்கோல் நிரப்பி, ஆறோ எட்டோ பைகளைத் தைத்து இணைத்து, கம்பத்துக்கு உள்ளே பரப்பிக்கொள்ளலாம். முழங்கையை ஊன்றி விழாமல் தொடையின் வெளிப்புறம், விலா, தோள் என்ற வரிசையில் நிலத்தைத் தொடப் பழக்கவேண்டும்.

காலைப் பற்றியும் சொல்லவேண்டும். கெல்லர் இங்கிலாந்துக்குப் போன அதே 1992இல்தான், தன் அணியினர் காலால் வேண்டுமென்று பின்னே தரும் பந்தைக் கோல் காப்பாளர் கையால் தொடக்கூடாது என்ற விதி வந்தது. அன்றிலிருந்து கோல் காப்பாளரின் காலும் மதிப்பிடப்படுகிறது. இன்று கழகங்கள் கேட்கும் முதற்கேள்விகளில் ஒன்று, நெருக்கும் வீரருக்கு முன்னால் இடக்காலாலும் பந்தைச் சரியாகக் கொடுப்பாரா என்பதுதான். 2025ஆம் ஆண்டின் விதிமாற்றப்படி, கோல் காப்பாளர் பந்தை எட்டு வினாடிகளுக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கோணர் உதை கொடுக்கப்படும். நம் மாவட்டப் போட்டிகளில் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நேரத்தைக் கடத்தும் வழக்கம் உள்ளவர்கள் அதை இப்போதே விட்டுவிடுவது நல்லது.

காற்றைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. 2012 ஜனவரி 4ஆம் திகதி, எவர்டனுக்கு ஆடிய ஹோவர்ட் தன் பெனால்டி எல்லைக்குள்ளிருந்து ஓங்கி உதைத்த பந்து, பலத்த காற்றில் மிதந்துபோய், போல்டன் கோல் காப்பாளருக்கு மேலால் துள்ளி வலைக்குள் விழுந்தது. அவர் அதைக் கொண்டாடவில்லை. அடுத்த பக்கத்தில் நின்றவரின் நிலை அவருக்குத் தெரியும். அந்தப் போட்டியில் எவர்டன் 2–1 என்று தோற்றதும் குறிப்பிடத்தக்கது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கோல் காத்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு, முதல் துள்ளலுக்கு முன்னே போய் நிற்காமல் இரண்டடி பின்னே நிற்கவேண்டும் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கும். அந்த அறிவை நீங்கள் தயாரிக்கும் காணொளியில் காட்டுங்கள்.

காணொளி

பலர் அனுப்பும் காணொளிகளில் பாய்ந்து தடுத்த பதினைந்து காட்சிகள் மட்டும் பாட்டோடு சேர்ந்து ஓடும். பயிற்சியாளர் ஒருவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. அவர் பார்க்க விரும்புவது, பந்து மறுபாதியில் இருக்கும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், உயரப்பந்துக்கு எப்போது வெளியே வருகிறீர்கள், கோல் விழுந்த பிறகு உங்கள் உடல் என்ன சொல்கிறது என்பவற்றைத்தான். ஆகவே வெட்டாத இரண்டு முழுப் போட்டிகளை எடுங்கள். விழுந்த கோல்களையும் அப்படியே விடுங்கள். படம் எடுப்பவர் உயரத்தில் நிற்கவேண்டும். கோலுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி ஓர் உழவு இயந்திரப் பெட்டியை நிறுத்தி, அதன்மேல் கைப்பேசியைத் தடியில் கட்டி வைத்து நாங்கள் எடுத்த படம், கூலிக்கு எடுப்பித்த படத்தைவிடத் தெளிவாக இருந்தது. ஒலியை அழிக்காதீர்கள். நீங்கள் பின்கள வீரர்களை நோக்கிக் கூப்பிடும் குரல் கேட்கவேண்டும். கோல் காப்பாளரின் குரலும் மதிப்பிடப்படும்.

அந்தக் குரல் எந்த மொழியில் என்பது அடுத்த கேள்வி. அமெரிக்கர்களுக்கு இங்கிலாந்தில் மொழி வாசலைத் திறந்து வைத்திருந்தது; நமக்கு அது கிடையாது. முன்கள வீரர் பேசாமலும் ஆடிவிடலாம். பின்னால் நின்று பத்துப் பேரை நகர்த்தவேண்டியவர் பேசாமல் முடியாது. ஆங்கிலத்தில் முப்பது நாற்பது கட்டளைச் சொற்களை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்படி, பயிற்சியிலேயே கத்திப் பழகுங்கள். கொழும்புக் கழகம் ஒன்றுக்குப் போவதானால் சிங்களத்திலும் அவ்வாறே.

ஆவணங்கள்

பெரும்பாலான பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் இதுதான். ஃப்ரீடெலின் கதையைக் கேளுங்கள். இங்கிலாந்தில் அவரை எடுக்கக் கழகங்கள் தயாராக இருந்தும் வேலை அனுமதி ஒரு தடவைக்கு மேல் மறுக்கப்பட்டது. அவர் வீட்டில் உட்காரவில்லை. டென்மார்க்கில் பிரொன்ட்பி, துருக்கியில் கலடாசராய், பின்பு தாய்நாட்டில் கொலம்பஸ் என்று ஆடிக்கொண்டே இருந்தார். 1997 டிசம்பரில்தான் லிவர்பூல் அவரைச் சேர்த்தது. அங்கும் அவருக்குக் கிடைத்த போட்டிகள் குறைவு. 2000இல் அவர் பிளக்பேர்னுக்குப் போனபோது, அங்கே முகாமையாளராக இருந்தவர் கிரேம் சூனெஸ். துருக்கியில் கலடாசராயில் ஃப்ரீடெலைப் பயிற்றுவித்த அதே மனிதர். சுற்றி வளைத்துப் போன பாதையில் சந்தித்த ஒருவரே பின்னால் கதவைத் திறந்தார். அதன்பின் 2004 முதல் 2012 வரை, மூன்று கழகங்களுக்காக, பிரீமியர் லீக்கில் தொடர்ச்சியாக 310 போட்டிகளில் அவர் ஆடினார். அந்தச் சாதனை இன்னும் முறியவில்லை.

இன்றைய நிலையில் இங்கிலாந்து நமக்கு எட்டாத தூரம் என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். 2021 முதல் அங்கே வெளிநாட்டு வீரருக்குப் புள்ளி முறையில் அனுமதி கொடுக்கப்படுகிறது. தேசிய அணிக்கு ஆடியதால் தானாகக் கிடைக்கும் அனுமதி, உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் தரவரிசையில் முதல் 50 இடங்களுக்குள் உள்ள நாடுகளின் வீரர்களுக்கே உரியது; இலங்கையோ இருநூறாம் இடத்தை அண்டி நிற்கிறது. இலண்டனில் சித்தப்பா இருக்கிறார், சுற்றுலா விசாவில் போய் ஆடிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிடவேண்டும். அந்த விசாவில் சம்பளத்துக்கு ஆட முடியாது, ஆடிப் பிடிபட்டால் அடுத்த நாடுகளின் வாசலும் மூடும். டேர்னர் தன் முன்னோர் வழியாக லித்துவேனியக் குடியுரிமை பெற்றிருந்தார். அப்படிச் சட்டபூர்வமான இரண்டாவது குடியுரிமைக்கு உரித்து உள்ளவர்கள் நம்மில் மிகச் சிலரே.

எனவே அருகில் உள்ள லீக்குகளிலிருந்து தொடங்குங்கள். இலங்கைத் தேசிய அணியின் தலைவராக இருந்த கோல் காப்பாளர் சுஜான் பெரேரா மாலைதீவு லீக்கில் பல பருவங்கள் ஆடியவர். மன்னாரிலிருந்து போய் அங்கே ஆடியவர்களும் உண்டு. மாலைதீவில் இறங்கும்போது கிடைக்கும் 30 நாள் அனுமதி சுற்றுலாவுக்கு உரியது. ஒப்பந்தத்துக்கு வேலை அனுமதி தனியாக வேண்டும், அதைக் கழகமே பெற்றுத் தரவேண்டும்.

வயதுக்கு வருவோம். 18 வயது நிறையாத வீரரின் சர்வதேச இடமாற்றத்தைப் பீபா தடைசெய்திருக்கிறது. விதிவிலக்குகள் சில உள்ளன; பெற்றோர் உதைபந்தாட்டத்தோடு தொடர்பில்லாத காரணத்துக்காக அந்த நாட்டில் குடியேறியிருப்பது அவற்றுள் ஒன்று. பதினாறு வயதுப் பிள்ளையை உடனே அனுப்புகிறேன் என்று எவராவது சொன்னால், அந்த ஒரு வாக்கியமே அவரை இனங்காட்டிவிடும்.

பிறப்புச் சான்றிதழில் வன்னிக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. 2006க்கும் 2009க்கும் இடையில் இங்கே பிறந்த பலரின் பிறப்பு, இடப்பெயர்வுக்குப் பின்னரே, காலங்கடந்து பதியப்பட்டது. அந்தப் பிள்ளைகள்தான் இன்று இந்த வயதில் நிற்கிறார்கள். பதிவுத் திகதிக்கும் பிறந்த திகதிக்கும் உள்ள நீண்ட இடைவெளியைப் பார்த்து வெளிநாட்டு அதிகாரிகள் வயதைச் சந்தேகிக்கலாம். ஆகவே பாடசாலை அனுமதிப் பதிவு, தடுப்பூசி அட்டை, ஞானஸ்நானப் பதிவு என்று கிடைக்கும் துணை ஆவணங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பெயரின் ஆங்கில எழுத்து கடவுச்சீட்டிலும் பாடசாலைச் சான்றிதழிலும் கழகப் பதிவிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். என்னிடம் பயின்ற ஒருவனுக்கு, தகப்பன் பெயரில் ஓர் எழுத்துக் கூடியிருந்ததால் நான்கு மாதங்கள் வீணாகின. அந்த நான்கு மாதங்களுக்குள் பருவம் தொடங்கி, அவனுக்கு வைத்திருந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று.

கிராமக் கழகச் செயலாளர்களுக்கும் ஒரு சொல். 12 முதல் 21 வயதுவரை வீரரைப் பயிற்றுவித்த கழகங்களுக்கு, அவர் வெளிநாட்டில் முதல் தொழில்முறை ஒப்பந்தத்தில் பதியும்போது பயிற்சி இழப்பீடு கேட்கும் உரிமையைப் பீபா விதிகள் தருகின்றன. பின்னொரு காலத்தில் அவர் ஒப்பந்தக் காலத்தின் நடுவே பணத்துக்கு நாடு மாறினால், அந்தத் தொகையில் 5 வீதம் அவரை 12 முதல் 23 வயதுவரை வளர்த்த கழகங்களுக்குப் பிரிக்கப்படும். ஆனால் மாவட்ட லீக்கின் ஊடாகத் தேசிய சம்மேளனத்தில் பெயர் பதியப்பட்டிருந்தால்தான் எதையும் கேட்கலாம். பெயர்களைச் சுற்றுப்போட்டிக்கு முதல்நாள் கொப்பித் தாளில் எழுதிக்கொடுத்துவிட்டு மறந்துவிடும் வழக்கத்தால் நம் கழகங்கள் தங்கள் உரிமையைத் தாங்களே இழக்கின்றன.

முகவரும் ஒப்பந்தமும்

பீபா அனுமதிப்பத்திரம் பெற்ற முகவர்களின் பெயர்களை அதன் இணையத்தளத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். அதைப் பார்க்காமல் எவரோடும் பேசாதீர்கள். தெரிவுப் போட்டிக்கு முற்பணம் கேட்பவர் அநேகமாக ஏமாற்றுக்காரர். வயலை ஈடு வைத்துப் பணம் கொடுத்து, கொழும்பு விமான நிலையத்திலேயே கைவிடப்பட்ட ஒருவனை எனக்குத் தெரியும். ஒப்பந்தத்தில் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். மருத்துவப் பரிசோதனையில் தேறினால் அல்லது வேலை அனுமதி கிடைத்தால்தான் இது செல்லும் என்று எழுத பீபா விதி இடங்கொடுக்காது. அவற்றை முடித்த பிறகே கழகம் கையெழுத்திடவேண்டும். மற்றையது, சம்பளம் எந்த நாணயத்தில், எந்தத் திகதியில், எந்த வங்கிக் கணக்கில் என்பது. வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். உங்கள் கடவுச்சீட்டைக் கழகத்தில் எவரிடமும் ஒப்படைத்து வைக்காதீர்கள்.

வாங்கு

ஓர் அணியில் கோல் காப்பாளருக்கு ஓர் இடம்தான். முன்கள வீரர் கடைசி இருபது நிமிடமாவது இறங்குவார். இரண்டாவது கோல் காப்பாளர் பருவம் முழுவதும் இறங்காமலே இருக்கக்கூடும். 2022இல் ஆர்சனலுக்குப் போன டேர்னர் லீக் போட்டி ஒன்றில்கூட ஆடவில்லை. கிண்ணப் போட்டிகளும் ஐரோப்பியப் போட்டிகளும் சிலவே கிடைத்தன. சாக் ஸ்டெஃபன் பல்கலைக்கழகத்திலிருந்து நேரே ஜெர்மனியின் ஃப்ரைபேர்க் கழகத்துக்குப் போய், முதல் அணிக்கு ஒரு தடவையும் ஆடாமல் 2016இல் நாடு திரும்பினார். கொலம்பஸில் ஆடி வளர்ந்த பிறகு 2019இல் மன்செஸ்டர் சிட்டி அவரை எடுத்தது. திரும்பி வருவதை ஊரில் தோல்வி என்று சொல்வார்கள், சொல்லட்டும்.

என் அறிவுரை இது: இருபத்து மூன்று வயதுவரை, பெரிய பெயருள்ள கழகத்தின் வாங்கைவிடச் சிறிய கழகத்தின் கம்பங்களைத் தெரிவுசெய்யுங்கள். போகும் முன் அந்தக் கழகத்தில் இப்போது கோல் காப்பவரின் வயதையும் அவருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதையும் விசாரியுங்கள். கோல் காப்பாளருக்கென்று தனிப் பயிற்சியாளர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். வாங்கில் இருக்கவேண்டி வந்தால், அந்தக் காலத்துக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள்: இடக்கால், மொழி, எதிரணி பெனால்டி உதைப்பவர்களின் குறிப்பு. பெண் பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான். அமெரிக்கப் பெண்கள் லீக் 2003இல் மூடப்பட்டபோது, ஹோப் சோலோ 2004இல் சுவீடனின் கோத்தன்பேர்க்குக்கும் அடுத்த ஆண்டு பிரான்சின் லியோனுக்கும் போய் ஆடிக்கொண்டிருந்தார். பின்னர் உலகக் கிண்ணம் வென்ற அணியின் கோல் காப்பாளர் அவர்.

பிழை விடும் நாள் ஒன்றும் வரும். 2004 மார்ச்சில், மன்செஸ்டர் யுனைட்டட்டுக்கு ஆடிய ஹோவர்ட், போர்ட்டோவுக்கு எதிரான போட்டியின் கடைசி நிமிடத்தில் ஒரு பிரீகிக்கைப் பிடிக்காமல் முன்னே தட்டிவிட்டார். அது கோலாகி, அணி சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேறியது. அடுத்த பருவத்தில் அவருடைய இடம் ஆட்டம் கண்டது. ஆனால் 2006இல் எவர்டனுக்குப் போய், பத்துப் பருவங்களில் 414 போட்டிகள் ஆடினார். டேர்னர் பல்கலைக்கழகத்தில் ஆடிய காலத்தில், 2013இல், குறுக்குக் கம்பத்தில் பட்டு மேலெழுந்து வந்த பந்தைப் பிடிக்கப்போய்த் தானே வலைக்குள் விட்டார். அதைத் தொலைக்காட்சியில் போட்டு நாடே சிரித்தது. பிழைக்குப் பிறகு அடுத்த பந்தை எளிதாகக் கையாளுங்கள்: பாயாமல், அலங்காரமில்லாமல், இரண்டு கையாலும் பிடித்து, பக்கத்தில் நிற்பவருக்கு உருட்டிக் கொடுங்கள். அன்றிரவு காணொளியை ஒரு தடவை மட்டும் பாருங்கள். கைப்பேசியில் ஊரிலிருந்து வரும் கருத்துகளைப் படிக்கவே வேண்டாம். ஊரார் அன்பாகவும் எழுதுவார்கள், அதுவும் தூக்கத்தைக் கெடுக்கும்.

இன்னொன்று, பலரும் மறப்பது. போகும்போது இலங்கைச் சம்மேளனம் அந்த நாட்டுச் சம்மேளனத்துக்குச் சர்வதேச இடமாற்றச் சான்றிதழை அனுப்புவதுபோல, திரும்பி வரும்போது அந்த நாட்டிலிருந்து அது மறுபடி இங்கே வரவேண்டும். வராவிட்டால் சொந்த ஊர்க் கழகத்துக்கும் பதிந்து ஆட முடியாது. அப்படி வந்த ஒருவன், மாவட்ட இறுதிப் போட்டியன்று கையுறைகளைப் பையிலேயே வைத்துக்கொண்டு வலைக்குப் பின்னால் நின்றான். உள்ளே நின்ற பதினேழு வயதுப் பையனுக்கு, “இரண்டடி பின்னுக்கு வா, காத்து” என்று அவன் முதற்பாதி முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தான்.